வேதனையின் ஸ்தானம்

நம் சமையலறையில் கசகசா என்ற பெயரோடு இருக்கும் சிறு விதை எந்தச் செடியினுடையதோ, அந்தச் செடியின் முற்றாத காயைக் கீறினால் கசிகின்ற பாலே உலர்ந்து அபினாகிறது. அந்த அபினிலிருந்து, ஜெர்மனியில் பாடர்போர்ன் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராக இருந்த ஃபிரீட்ரிக் சேர்ட்டுர்னர் என்ற இளைஞர், 19-ஆம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில், வலியைப் போக்கும் சாரத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியஸின் பெயரை ஒட்டி அது மார்பீன் என்று வழங்கலாயிற்று. அன்று தொடங்கி ஏறக்குறைய 200 ஆண்டுக் காலம் வைத்திய உலகம் நடத்திய தேடல் முழுவதும், மார்பீனைக் காட்டிலும் மேலான பொருள் எது என்ற ஒரே வினாவைச் சுற்றியே நடந்தது. மார்பீனைப் போல மனிதரை அடிமை கொள்ளாது என்ற நம்பிக்கையோடு 1898-இல் விற்பனைக்கு வந்த ஹெராயினும், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜியத்தில் பால் யான்சென் ஆக்கிய ஃபென்டனிலும் அந்தத் தேடலின் புதல்வர்களே. அவற்றில் முன்னது உலகுக்கு என்ன தந்தது என்பதை யாவரும் அறிவர். பின்னது அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் இன்றியமையாத துணையாக நின்றபோதிலும், கள்ளச் சந்தைக்குப் போனபின் ஒரு தேசத்தையே துக்கத்தில் ஆழ்த்தியது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் போதைப் பொருள் மிகுந்து மாண்டவர்கள் 1,00,000 பேருக்கு மேல். அவர்களில் சுமார் 80,000 பேரின் மரணத்துக்கு, ஃபென்டனில் உள்ளிட்ட மார்பீன் இனத்துப் பொருள்களாகிய ஓபியாய்டுகளே காரணம்.

இத்தனை பெரிய விபத்து நேர்ந்தபின்னும் வலி குறைந்துவிடவில்லை. புற்றுநோயாளியின் எலும்பில் குடைகின்ற வேதனையும், நரம்பு சேதப்பட்டவருக்கு ஆடை உராய்ந்தாலே எழுகின்ற எரிச்சலும் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே, மருந்துப் பொருளை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, ஒரே பொருள் உடலின் எந்த ஸ்தானத்தில், எந்த நரம்பணுவின் மேல், அந்த அணுவிலும் எந்த அறைக்குள் தன் வேலையைச் செய்கிறது என்று கண்ணால் பார்த்தறிந்தாலன்றி நன்மையையும் தீமையையும் பிரிக்க இயலாது என்று துணிந்த ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் கிரெகரி ஷெரர். பிரான்சு நாட்டின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் பிரிஜித் கீஃபர் அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் பயின்று, பின்பு சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் பாஸ்பாமிடம் பணியாற்றி, ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்து, இப்போது வட கரோலைனா சர்வகலாசாலையில் இருப்பவர்.

அவருடைய வேலையின் அருமை விளங்க வேண்டுமானால், அதற்கு முன்னிருந்த நிலையைச் சற்றுக் காணவேண்டும். மார்பீன் இவ்வளவு சிறு அளவில் இவ்வளவு பெரும் பலனைத் தருவதால், நரம்பணுவின் மேற்பரப்பில் அதை ஏற்றுக்கொள்ளும் விசேஷமான ஒரு புரதம் இருக்கத்தான் வேண்டும் என்று வெகு காலமாக அனுமானித்து வந்தார்கள். 1973-இல் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே அந்த அனுமானத்தை நிரூபித்தார்கள். கசகசாச் செடியின் சாற்றுக்கென்று நம் மூளையில் ஓர் ஏற்பி இருப்பானேன் என்ற கேள்வி அப்போது தானாகவே எழுந்தது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலின் என்னும் சிறு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து, மூளை தனக்கு வேண்டிய மார்பீனைத் தானே சமைத்துக்கொள்கிறது என்று காட்டியபோது அதற்கு விடை கிடைத்தது. பின்பு அந்த ஏற்பிகள் மியூ, டெல்ட்டா, கப்பா என்று வகை பிரிக்கப்பட்டன. 1992-இல் கீஃபரின் குழுவும் கலிபோர்னியாவில் கிறிஸ்டஃபர் எவான்ஸின் குழுவும் டெல்ட்டா ஏற்பியின் ஜீனைக் கைப்பற்றின. மியூ ஏற்பி இல்லாமல் பிறக்கும்படி ஆக்கப்பட்ட சுண்டெலிக்கு மார்பீன் வலியைத் தணிப்பதுமில்லை, அதை அடிமைப்படுத்துவதுமில்லை என்று 1996-இல் கீஃபரின் குழுவினர் வெளியிட்ட முடிவு, இத்துறையின் சங்கடம் முழுவதையும் ஒரே பரிசோதனையில் அடக்கிவிட்டது. வலி தணிப்பதும், இன்ப மயக்கம் தருவதும், பழக்கத்தில் ஆழ்த்துவதும், மூளைத்தண்டில் சுவாசத்தை நடத்தும் நரம்பணுக்களை அடக்கி உயிரைப் போக்குவதும் அந்த ஒரே ஏற்பிதான். பொருளை மாற்றினால் மட்டும் குணம் மாறிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் ஏற்பிகள் இருக்கும் இடங்களையல்லவா பார்க்கவேண்டும்? பார்ப்பதுதான் கடினம். ஏற்பி என்பது சில நானோமீட்டர் அளவேயுள்ள ஒரு புரதம்; சாதாரண நுண்ணோக்கியோ, எர்ன்ஸ்ட் அபே 1873-இலேயே காட்டியபடி, ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டமாட்டாது. அதோடு மூளைத் திசு கோடிக்கணக்கான நரம்பிழைகள் பின்னிக் கிடக்கும் அடர்ந்த காடு. அதில் ஒரு புரதத்தை மட்டும் தனித்துக் காண்பது எங்ஙனம்? உடனொளிர்வு என்னும் இயற்கைக் குணமே இதற்கு வழி வகுத்தது. ஒரு நிற ஒளியை உண்டு, அதனினும் சற்று வலிமை குறைந்த, அலைநீளம் கூடிய வேறொரு நிற ஒளியை உடனே உமிழும் பொருள்கள் உண்டு. நீல ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் நீலத்தை வடிகட்டிவிட்டுப் பச்சையை மட்டும் நோக்கினால், இருண்ட புலத்தில் அந்தப் பொருள் மாத்திரம் பிரகாசிக்கும். இரவில் நடக்கும் திருவிழாக் கூட்டத்தில் தீவட்டி பிடித்தவனை மட்டும் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பது போன்றது இது. மற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேராயினும் நம் பார்வைக்கு இடையூறில்லை.

தீவட்டி கடலிலிருந்து வந்தது. ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா, 1961-ஆம் ஆண்டுக் கோடையில் வாஷிங்டன் மாநிலத்துக் கடற்கரையில் உள்ள ஃபிரைடே ஹார்பரில் சுமார் 10,000 ஜெல்லி மீன்களைச் சேகரித்து, அவற்றின் விளிம்பில் மின்னும் ஒளியின் காரணத்தைத் தேடியபோது, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தையும் உடன் கண்டெடுத்தார். வலிக்கும் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அன்று யாரும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். 1992-இல் டக்ளஸ் பிராஷர் அதன் ஜீனைப் பிரித்தெடுத்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அந்த ஜீனை வேறு உயிரினங்களுக்குள் செலுத்தி அங்கும் அது ஒளிரும் என்று காட்டினார். ரோஜர் சியென் அதன் நிறத்தையும் ஒளியையும் விரும்பியபடி மாற்றியமைத்தார். 2008-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் ஆகிய மூவருக்கும் சென்றது. 238 அமினோ அமிலங்களால் ஆன இந்தப் புரதத்தின் பெருஞ்சிறப்பு, அதன் ஜீனை மற்றொரு புரதத்தின் ஜீனோடு ஒட்டிவிட்டால், உயிரணுவே அந்த இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து ஆக்கித் தந்துவிடும் என்பதே. சாயம் பூசவேண்டியதில்லை; புரதம் பிறக்கும்போதே ஒளியோடு பிறக்கிறது.

ஷெரரும் கீஃபரும் உடன் உழைத்தவர்களும் 2006-இல் செய்தது அதைத்தான். சுண்டெலியின் டெல்ட்டா ஏற்பி ஜீனை அதன் இயல்பான இடத்திலேயே வைத்து, அதன் நுனியில் பச்சை ஒளிர்புரதத்தின் ஜீனை இணைத்தார்கள். அந்தச் சுண்டெலியின் உடலில் டெல்ட்டா ஏற்பி எங்கெங்கு இயல்பாகத் தோன்றுமோ அங்கெல்லாம் பச்சை ஒளி தோன்றியது. மூளையிலும் தண்டுவடத்திலும் புற நரம்பு முடிச்சுகளிலும் அதன் பரவலை முழுமையாகக் காண முடிந்தது. ஏற்பியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்ததும், நரம்பணுவின் மேற்பரப்பில் விளிம்பாக நின்ற பச்சை ஒளி சிறுகச் சிறுக உள்வாங்கி, அணுவின் உட்புறத்தில் புள்ளிபுள்ளியாகத் திரண்டது. ஏற்பிகள் உள்ளே போய்விட்ட சுண்டெலிக்கு மீண்டும் அதே மருந்தைக் கொடுத்தால் அது வேலை செய்யவில்லை. தட்டில் வளர்க்கப்பட்ட அணுக்களில் இத்தகைய உள்வாங்கலை முன்பே பலர் கண்டிருந்தபோதிலும், உயிரோடு நடமாடும் பிராணியின் நடத்தையோடு அதைப் பொருத்திக் காட்டிய பெருமை இந்த ஆராய்ச்சிக்கு உரியது.

அதன்பின் நடந்த ஒரு காரியத்தை நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் விஞ்ஞானத்தின் நேர்மை எதில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல உதாரணம். ஒரு புரதத்தின் இருப்பிடத்தை அறிய, அதை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைத் திசுவின் மேல் செலுத்தி, அவை ஒட்டிய இடத்தை ஒளிரச் செய்வது நெடுநாளைய முறை. அந்த முறையால், வலியை ஏந்திச் செல்லும் நரம்பணுக்களில் மியூ ஏற்பியும் டெல்ட்டா ஏற்பியும் ஒரே அணுவில் சேர்ந்திருக்கின்றன என்ற கொள்கை வேரூன்றியிருந்தது. பச்சைச் சுண்டெலியோ வேறு கதை சொல்லிற்று. ஆகவே 2009-இல் ஷெரரும் பாஸ்பாமும் கீஃபரும், டெல்ட்டா ஏற்பியே இல்லாத சுண்டெலியின் திசுவில் அந்த எதிர்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். ஏற்பி இல்லாத இடத்திலும் அது முன்போலவே ஒட்டி ஒளிர்ந்தது. அதாவது, பல ஆண்டுகளாக டெல்ட்டா ஏற்பி என்று எண்ணிப் படம் பிடித்த ஒளியில் ஒரு பகுதி வேறு ஏதோ ஒன்றின் ஒளி. இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்கிறதா என்று கருவியைச் சோதிக்காமல், இருக்கும் இடத்தில் அது சொல்வதை நம்பலாகாது என்ற எளிய நியாயத்தை ஒரு துறை முழுவதுக்கும் நினைவூட்டிய பரிசோதனை அது.

அந்த ஆய்வு கண்ட முடிவின்படி, சூட்டினால் எழும் வலியை ஏந்தும் நரம்பணுக்களில் மியூ ஏற்பி பெரும்பான்மையாக இருக்கிறது. குத்துதல், அழுத்துதல் போன்றவற்றால் எழும் வலியை ஏந்தும் அணுக்களில் டெல்ட்டா ஏற்பி இருக்கிறது. தண்டுவடத்தில் மியூவைத் தூண்டும் மருந்து சூட்டு வலியையும், டெல்ட்டாவைத் தூண்டும் மருந்து குத்து வலியையும் தனித்தனியே தணித்தன. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஷாங்காயில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் இரு ஏற்பிகளும் ஒரே அணுவில் இருப்பதற்குச் சான்று காட்டினார்கள். ஒளிர்புரதம் ஒட்டிய ஏற்பி இயல்பான ஏற்பியைப் போலவே நடமாடுகிறதா, அல்லது ஒட்டிய சுமையினால் மேற்பரப்பில் அதிகமாகத் தங்கிவிடுகிறதா என்ற ஐயமும் எழுந்தது. அந்த ஐயம் நியாயமானதே. தீவட்டி பிடித்தவன் பிடிக்காதவனைப் போலவே நடப்பான் என்பதற்கு உத்தரவாதம் ஏது? விவாதம் முற்றிலும் ஓயவில்லை; ஆயினும் ஏற்பியின் இருப்பிடம் வலியின் வகையோடு சம்பந்தப்பட்டது என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது.

இதே காலத்தில், அணுவின் உட்புறத்தைப் பற்றிய அறிவும் மாறி வந்தது. மூளையின் சொந்தச் சரக்காகிய என்கெஃபலின் மியூ ஏற்பியை விரைவில் உள்வாங்கச் செய்கிறது, மார்பீனோ அவ்வாறு செய்வதில்லை என்று 1996-இலேயே மார்க் வான் சாஸ்ட்ரோவும் எவான்ஸும் உடனிருந்தோரும் வெளியிட்டிருந்தார்கள். 2018-இல் சான் பிரான்சிஸ்கோவில் வான் சாஸ்ட்ரோவின் ஆய்வுக்கூடத்தில் மிரியம் ஸ்டோபர் அம்மையார் அந்தச் செய்திக்கு எதிர்பாராத ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். ஒட்டக இனத்துப் பிராணிகளின் இரத்தத்தில் காணும் சிறிய எதிர்ப்பொருளின் துண்டம் ஒன்று, ஏற்பி செயல்படும் நிலையில் இருக்கும்போது மட்டும் அதைப் பற்றிக்கொள்ளும். அதோடு ஒளிர்புரதத்தை இணைத்துவிட்டால், ஏற்பி இருக்கும் இடம் மட்டுமல்லாமல், அது விழித்திருக்கும் இடமும் கணமும் ஒளியாய்த் தெரியும். இவ்வாறு பார்த்தபோது, மூளையின் சொந்தப் பெப்டைடுகள் அணுவின் மேற்பரப்பிலும், உள்வாங்கிய பின் உட்பைகளிலும் ஏற்பியை எழுப்பின. மார்பீன் போன்ற மருந்துகளோ அணுவின் சவ்வை ஊடுருவிச் சென்று, புரதங்கள் பக்குவப்படும் கோல்கை உறுப்பில் காத்திருக்கும் ஏற்பிகளையும் எழுப்பின. இயற்கை ஒருபோதும் எழுப்பாத இடத்தில் மருந்து எழுப்புகிறது. மார்பீனும் என்கெஃபலினும் ஒரே ஏற்பியின் இரு சமானமான விருந்தினர் என்ற பழைய சித்திரம் அத்துடன் கலைந்தது.

நோயாளிக்கு நேரே பயன்படக்கூடிய ஒரு முடிவு 2017-இல் ஷெரரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. மார்பீனைத் தொடர்ந்து கொடுத்தால் உடல் அதற்குப் பழகி, மேலும் மேலும் அளவைக் கூட்ட வேண்டியிருப்பதும், சிலருக்கு மருந்தே வலியைத் தூண்டிவிடுவதும் வைத்தியர்கள் தினமும் காணும் துன்பங்கள். இவற்றுக்குக் காரணம் மூளையல்ல, தோலிலிருந்தும் உள்ளுறுப்புகளிலிருந்தும் தண்டுவடத்துக்கு வலியை ஏந்தி வரும் புற நரம்பணுக்களின் மேலுள்ள மியூ ஏற்பிகளே என்று அக்குழு சுண்டெலியில் கண்டது. அந்த அணுக்களிலிருந்து மட்டும் ஏற்பியை நீக்கிவிட்டால் மார்பீன் வலியைத் தணிப்பது குன்றவில்லை. பழகிப்போவது மட்டும் நின்றது. மூளைக்குள் நுழையாத மெதில்நால்ட்ரெக்சோன் என்னும் தடுப்பு மருந்தை மார்பீனோடு சேர்த்துக் கொடுத்தபோதும் அவ்வாறே ஆயிற்று. ஓபியாய்டுகளால் உண்டாகும் மலச்சிக்கலுக்கென்று 2008-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது.

ஆயினும் இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் ஈர்ப்பது 2019-இல் வெளியான ஆராய்ச்சியே. வலி என்பது ஒன்றல்ல; சுடுகிறது, குத்துகிறது, இன்ன இடத்தில், இவ்வளவு என்று அறியும் உணர்வு ஒரு பகுதி; அதை வேண்டாததாக, தாங்க ஒண்ணாததாக ஆக்கும் வேதனை மற்றொரு பகுதி. வியன்னாவில் பால் ஷில்டரும் எர்வின் ஸ்டெங்கலும் 1928-இல் விவரித்த சில நோயாளிகள், மூளையில் ஏற்பட்ட சேதத்தால், ஊசி குத்துவதைத் தெளிவாக உணர்ந்தும் அதைப் பொருட்படுத்தாது இருந்தார்கள். மார்பீன் பெற்ற நோயாளிகளும், வலி இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அது தங்களை வாட்டவில்லை என்று சொல்வதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த வாட்டம் மூளையில் எங்கே இருக்கிறது?

இதைக் காண ஸ்டான்ஃபோர்டில் மார்க் ஷ்னிட்ஸரின் குழுவினர் ஆக்கிய சிறு நுண்ணோக்கி துணை செய்தது. இரண்டு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள அதைச் சுண்டெலியின் தலையில் பொருத்திவிட்டால், அது விருப்பம்போல் உலவிக்கொண்டிருக்கும்போதே மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுக்களைப் பார்க்கலாம். நரம்பணு கிளர்ச்சியுறும்போது அதனுள் கால்சியம் பெருகுகிறது. கால்சியம் சேர்ந்தால் பிரகாசம் கூடும்படி மாற்றியமைக்கப்பட்ட ஒளிர்புரதத்தை அந்த அணுக்களில் வைத்தால், சிந்தனையும் அச்சமும் வேதனையும் நிகழும் கணத்திலேயே அவற்றுக்குரிய அணுக்கள் மின்னுவதைக் காணலாம். கிரிகரி கார்டர், பியாஃப்ரா அகனோனு முதலியோர் ஷெரரோடும் ஷ்னிட்ஸரோடும் சேர்ந்து, அமிக்டலா என்னும் பகுதியில் இவ்வாறு நோக்கியபோது, சூடு, குளிர், குத்து என்று எந்த விதத்தில் வலி எழுந்தாலும் கிளர்ச்சியுறும் ஒரு நரம்பணுக் கூட்டத்தைக் கண்டார்கள். அந்தக் கூட்டத்தை மட்டும் அடக்கியபின், சுண்டெலி ஊசிமுனை பட்டதும் காலை உடனே இழுத்துக்கொண்டது; ஆனால் காலை நக்கிக்கொள்வதும், அதைப் பாதுகாப்பதும், அவ்விடத்தைவிட்டு ஓட முயல்வதும் வெகுவாகக் குறைந்தன. உணர்வு எஞ்சியது, வாட்டம் தணிந்தது. நரம்பு காயப்பட்ட சுண்டெலியில், முன்பு ஒன்றும் செய்யாத மெல்லிய தொடுகையும் குளிர்த்துளியும் அதே கூட்டத்தை எழுப்பின. ஆடை பட்டாலும் துடிக்கிற நோயாளியைக் கண்டு, எல்லாம் மனப்பிரமை என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவர்கள் இந்த முடிவை அறிந்துகொள்ள வேண்டும். தொடுகை வேதனையாகிற இடம் ஒன்று மூளையில் மெய்யாகவே இருக்கிறது.

2024-இல் ஷெரரின் குழு மற்றொரு புதிரையும் தொட்டது. வெறும் மாத்திரையும் நம்பிக்கையால் வலியைத் தணிக்கிறது. பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு, ஓபியாய்டு ஏற்பிகளை அடைக்கும் நாலாக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தால் அந்தத் தணிவு மறைகிறது, ஆகவே அது மூளையின் சொந்த ஓபியாய்டுகளின் செயல் என்று 1978-இலேயே லெவீன், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் காட்டியிருந்தார்கள். ஷெரரின் குழுவினர், சுண்டெலி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போனால் சூட்டிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று பழக்கிவிட்டு, பின்பு இரண்டு அறைகளையும் ஒரே அளவில் சூடாக்கியபோதும், பழகிய அறையில் அது குறைவாகவே வேதனைப்பட்டது. அந்த எதிர்பார்ப்பு மூளைப் புறணியின் முற்பகுதியிலிருந்து பான்ஸ் பகுதியிலுள்ள ஒரு நரம்பு மையத்தின் வழியே சிறுமூளைக்குச் செல்வதையும், அந்த மையத்தின் நரம்பணுக்களில் ஓபியாய்டு ஏற்பிகள் மிகுந்திருப்பதையும் கண்டார்கள். அங்கசலனத்துக்கே உரியதென்று எண்ணப்பட்டிருந்த இடம் அது. வலியோடு அதைச் சேர்த்து நினைத்தவர் அரிது.

இவ்வளவும் சுண்டெலிகள் பட்ட வேதனையால் அறிந்தவை என்பதை மறைப்பது தகாது. கொடுக்கும் தூண்டுதலைக் கூடியவரை குறுகியதாகவும் சிறியதாகவும் வைப்பதற்கு விதிகள் இருக்கின்றன. ஆயினும் ஒரு ஜீவனின் துன்பத்தைக் கொண்டே மற்றொரு ஜீவனின் துன்பத்தை ஆராய்கிறோம் என்ற பாரம் ஆராய்ச்சியாளர் மேலும், அதன் பயனைத் துய்க்கப்போகிற நம் மேலும் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பரிசோதனை தெளிவாகத் திட்டமிடப்படாமலும், சரியாக ஒப்பிடப்படாமலும் போனால் அது வெறும் பிழை அன்று, வீணாக்கப்பட்ட வேதனை.

சுண்டெலியில் கண்டது மனிதரில் அப்படியே நிகழும் என்று இப்போது யாரும் உறுதி கூற இயலாது. அமிக்டலாவின் அந்தக் கூட்டத்தை மட்டும் அடக்கி, சுவாசத்தைத் தொடாமல் விடுகிற மருந்து இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. வேறு வழியாக, வலி நரம்புகளின் சோடிய வாயிலை அடைக்கிற, ஓபியாய்டு அல்லாத சுசெட்ரிஜின் என்னும் மருந்து 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது திடீரென்று தோன்றும் கடும் வலிக்கென அனுமதிக்கப்பட்டதே தவிர, மார்பீனின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. ஆகவே மார்பீன் இன்னும் சில காலம் நமக்கு வேண்டும். ஆனால் உலக ஜனத்தொகையில் ஏழைகளான பாதிப்பேர் வாழும் நாடுகளுக்கு, உலகில் வழங்கப்படும் ஓபியாய்டு வலி நிவாரணிகளில் 1 சதவீதமே சேர்கிறது என்று லான்செட் பத்திரிகை அமைத்த ஆணைக்குழு கணக்கிட்டிருக்கிறது. சட்டபூர்வமாக அபினை விளைவிக்கும் நம் தேசத்திலேயே, 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பீனை வைத்துக்கொள்ளத் தயங்கின. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டபின்னும், குடும்பங்களில் உள்ள அச்சம் நீங்கவில்லை. புற்றுநோயால் துடிக்கும் ஒருவருக்கு, பயிற்சி பெற்ற வைத்தியர் அளவறிந்து மார்பீன் எழுதிக் கொடுக்கும்போது, அடிமையாகிவிடுவாரே என்று பயந்து உறவினர்கள் அதைத் தடுக்கிறார்கள். கள்ளச் சந்தையில் ஃபென்டனில் கொன்றவர்களின் கதை வேறு. கண்காணிப்போடு மருந்து பெறும் நோயாளியின் நிலை வேறு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அச்சத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவைக் கேளுங்கள், பின்விளைவுகளைக் கேளுங்கள். மருந்தை மட்டும் மறுத்துவிடாதீர்கள்.